வெறுந்தண்ணீரில் வந்த நீலம்

நவம்பர் 12, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஏழாம் எண் பாட்டிலுக்குப் பயன்படுத்திய பிப்பெட்டை ஒரு முறைதான் அலசினேன். இரண்டு முறை அலச வேண்டும். அதே பிப்பெட்டால் வெறுந்தண்ணீரை எடுத்தேன். நிறமே வரக்கூடாத வெறுந்தண்ணீர் நீலமாகிவிட்டது. கொட்டிவிட்டு, பிப்பெட்டை மூன்று முறை அலசி, மறுபடி செய்தேன். நிறமில்லை. சார் பார்த்துவிட்டார். தவறு என்னுடையது.

இதை எழுதி நோட்டை மூடியதும் அவளுக்கு மனசு கொஞ்சம் லேசானது. அன்றன்றைய தப்பை அன்றன்றே எழுதிவிடுவது அவள் வழக்கம். ஆய்வகப் பயிற்சி மாலை வகுப்பில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்: செய்ததை எழுது, செய்யாததை எழுதாதே, தப்பை அடித்து மறைக்காதே. வகுப்பில் இருந்த முப்பது பேரில் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்குச் சான்றிதழ் கையில் வந்தால் போதும். அவளுக்கோ, எதைத் தொட்டாலும் அதில் தான் ஏதாவது ஒன்றைக் கெடுத்திருப்போம் என்ற எண்ணம். குழாயை மூடிவிட்டுப் படியிறங்கி, பாதித் தெருவில் நின்று, மறுபடி மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிற ரகம்.

வீட்டில் அவளுக்கு 'சொட்டு' என்று பெயர். அக்காவின் கணவர் வைத்தது. பகல் முழுக்கச் சொட்டு எண்ணுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்பது அவர் வாதம்.

அவள் வேலை பார்த்த தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டு அறைகள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் மேலே அலமாரியில் கண்ணாடிக் குழாய்கள் பல்லைக் கடித்துக்கொள்வதைப் போல ஒன்றோடொன்று உரசும். கெட்ட வாயுவை வெளியே இழுப்பதற்கென்று சுவரோடு ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். அதன் விசிறி என்றைக்கோ நின்றுபோயிருந்தது. இப்போது அதற்குள் தலைமை ஆய்வாளரின் குடையும் சாப்பாட்டுப் பெட்டியும் பத்திரமாக இருந்தன. கூடத்திலேயே நன்றாகப் பாதுகாக்கப்பட்ட பொருள்கள் அவை இரண்டும்தான்.

தலைமை ஆய்வாளரை அவள் நேரில் 'சார்' என்பாள். மனசுக்குள் அவர் பெயர் முத்திரை. காலையில் வந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, மூடுவார். மாலையில் மறுபடி திறப்பார். நடுவில் செய்தித்தாள். மைப்பெட்டியில் ஒற்றி அறிக்கைத் தாளில் அழுத்துகிற அந்த ஒரு நொடி மட்டும் அவர் முகத்தில் ஏதோ ஒரு தொழில் தெரிந்த களை வரும். எடுத்ததும் போய்விடும்.

கூடத்துக்கு வருவதில் பெரும்பாலானவை குடிதண்ணீர்க் கிணறுகளின் பாட்டில்கள். தோல் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து வருபவை. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சல்பைடும் கலப்பார்கள். அது மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்திருந்தாலும் துளியூண்டுதான் வந்திருக்கும். அந்தத் துளியூண்டைப் பிடிக்கத்தான் இந்த முறை. பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயால் அளந்து சோதனைக் குழாயில் விட்ட ஏழரை மில்லி தண்ணீர், அதில் அரை மில்லி அமிலக் கரைசல், பிறகு இரும்புக் கரைசல் மூன்று சொட்டு. நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கு இருந்தால்கூட விடிகாலை வானம் மாதிரி ஒரு வெளிறிய நீலம் எழும். அதிகமிருந்தால் நீலம் கூடும். அவளுக்கு இந்த நான்கு நிமிடம் பிடிக்கும். வேலையில் அவள் தன்னைத் திட்டிக்கொள்ளாத நேரம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை எட்டு பாட்டில்கள் வந்திருந்தன. ஏழாவது மட்டும் கிணறு அல்ல. தொழிற்சாலையின் கழிவுக் குழியிலிருந்து ஒரு குளிர்பான பாட்டிலில் முக்காலளவு மொண்டு அனுப்பியிருந்தார்கள். மேலே ஒட்டியிருந்த ஆரஞ்சுப் படத்தைக்கூடக் கிழிக்கவில்லை. அவள் மூக்கைச் சுளித்தாள். ஆனால் சோதனைக்கென்று வந்த மாதிரி வந்த மாதிரிதான். எல்லாவற்றையும் போல அதற்கும் ஏழரை மில்லி எடுத்தாள். அமிலம் விட்டதும் குழாய் பால் மாதிரி கலங்கியது. அழுகிய முட்டை நாற்றம் நெற்றிப் பொட்டில் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று சொட்டையும் விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"என்ன ஓடுறே?" என்றார் முத்திரை, தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நாத்தம் தாங்கல சார்."

"தோல் குழித் தண்ணி பின்னே பன்னீராவா மணக்கும். நிறம் வந்துச்சா?"

"வரல சார். வெள்ளையா கலங்கி நிக்குது."

"நீலம் வரலைல்ல. அப்ப இல்லைன்னு எழுது. மத்தியானத்துக்குள்ள கேட்டிருக்காங்க."

மூக்கு ஒரு கருவி அல்ல என்று வகுப்பில் படித்திருந்தாள். கருவி சொன்னதைத்தான் எழுத வேண்டும். எழுதினாள். 'சல்பைடு: காணப்படவில்லை.' கீழே தன் முதலெழுத்தைப் போட்டாள். மேலே முத்திரை விழுந்தது. அதற்குப் பிறகுதான், எட்டாம் பாட்டிலையும் முடித்து, கடைசியாக ஒரு முறை, சரிபார்க்க, வெறுந்தண்ணீரில் அதே சோதனையைச் செய்தபோது அந்த நீலம் வந்தது. முத்திரை எட்டிப் பார்த்தார்.

"காய்ச்சி வடிச்ச தண்ணியையே அழுக்காக்கிட்டியே. பெரிய திறமைதான்."

அன்று மாலை வகுப்பு இல்லை. ஏழு மணிக்கே வீட்டில் இருந்தாள். நான்கு நாளாக மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. காற்று என்று ஒன்று இல்லவே இல்லை. கொடியில் போட்ட துணி காயாமல் வீட்டுக்குள்ளேயே ஒரு ஈர வாடை. முன்னறையில் அக்காவின் தையல் இயந்திரம். அக்கா வீட்டிலிருந்தே தொழிற்சாலைக்கு வேலைக் கையுறை தைத்துக் கொடுப்பவள். தைத்த கையுறைகளை விரல் விரலாகத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையும் அந்த இயந்திரம்தான். தலையை மடக்கி உள்ளே தள்ளி, பலகையைப் போட்டால் மேசை.

அக்காவின் கணவர் அதே தொழிற்சாலையில் குழி சுத்தம் செய்யும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவர் கீழே ஆறு பேர். வந்ததும் பின்கட்டில் அரை மணி நேரம் குளித்தார். அப்படியும் அவர் உட்கார்ந்ததும் அறையில் சுண்ணாம்பும் தோலும் சேர்ந்து உட்கார்ந்தன.

"என்ன சொட்டு, இன்னைக்கு எத்தனை?"

"எத்தனைன்னா என்ன மாமா?"

"சொட்டு. எத்தனை எண்ணினே? நாங்க வாளிக் கணக்குல அள்றோம், நீ சொட்டுக் கணக்குல அள்றே. ஆளாளுக்கு ஒரு உழைப்பு."

"சும்மா இருங்க" என்றாள் அக்கா, தட்டில் சோற்றைப் போட்டபடி. அவித்த முட்டை ஆளுக்கு ஒன்று வைத்தாள். "யாரு பொழைப்பு நாறுதுன்னு குளியலறைக்குப் போய்க் கேட்டுட்டு வந்து பேசுங்க."

"நாறினாலும் கண்ணுக்குத் தெரியுற வேலை. இவ என்ன பண்றா? தண்ணியை எடுத்து இன்னொரு தண்ணியில ஊத்தி உத்து உத்துப் பாக்குறா. நிறம் வந்தா ஒரு தாள், வராட்டி ஒரு தாள். அந்தத் தாளைத்தான் இன்னைக்கு மானேஜர் என் மூஞ்சிக்கு நேரா ஆட்டுறான்."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "எந்தத் தாள்?"

"எத்தனை தாள் எழுதினே குழித் தண்ணிக்கு? உன் கிறுக்கல்தான் கீழே இருந்துச்சே."

அவர் சொல்லச் சொல்ல விஷயம் தெரிந்தது. வியாழக்கிழமை காலை பெரிய கழிவுக் குழியைச் சுத்தம் செய்யப்போகிறார்கள். மூன்று வருடத்துச் சேறு. ஆள் இறங்கி மண்வெட்டியால் வெட்டித்தான் வாளியில் ஏற்ற வேண்டும். இறங்குவதற்கு முன் இரண்டு மணி நேரம் மோட்டார் வைத்து உள்ளே காற்றடிக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அவராகச் சொல்லவில்லை. ஒரு வாரமாக அக்கா சோறு போடும்போதெல்லாம் அரித்ததில் சொன்னது.

"காத்து மோட்டார் கேட்டேன். முதல்ல தண்ணியை டெஸ்ட் பண்ணுவோம்னான். சரின்னேன். இன்னைக்குப் பேப்பர் வந்துடுச்சு. ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கு, அப்புறம் எதுக்குய்யா மோட்டார்னு கேட்டு, அதை இன்னொரு கிடங்குக்கு ஏத்தி அனுப்பிட்டான்."

"அப்ப மோட்டார் இல்லாமயா இறங்கப் போறீங்க?" என்றாள் அக்கா.

"உன் தங்கச்சியே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா. இனிமே நான் என்னத்தைச் சொல்றது? பயந்தாங்கொள்ளின்னுதான் பேர் வரும்."

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். அக்காவின் முகத்தில் இருந்தது பயம் இல்லை. ஒருவிதப் பெருமை. வீட்டுப் பெண் எழுதிய காகிதத்துக்கு மானேஜர்வரை மதிப்பிருக்கிறது என்ற பெருமை.

"நீயே பாத்ததுதானே? இல்லைன்னா இல்லைதானே?"

"நிறம் வரலக்கா."

"அப்ப சரி" என்று அக்கா கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

"பேப்பரை யாரு பாத்தா. என்கிட்ட மூக்கு இருக்கு" என்றார் மேஸ்திரி, முட்டையை இரண்டாகப் பிட்டபடி. "இறங்கினதும் குபீர்னு ஒரு நாத்தம் வரும் பாரு, இந்த முட்டை பத்து நாள் அழுகின மாதிரி. புதுசா வர்றவன் வாந்தியெடுப்பான். நாங்கல்லாம் அஞ்சு நிமிஷம் நிப்போம். அப்புறம் பழகிடும். வாசனையே தெரியாது. இதுக்குப் போயி சொட்டு, குழாய், சீல்."

அவருடைய கேலிக்குப் பதில் சொல்வதை இரண்டு வருடம் முன்பே நிறுத்தியிருந்தாள். நாற்றத்தைப் பழகிக்கொண்டதைப் பட்டம் மாதிரி சொல்லிக்கொள்ளும் ஆளிடம் என்ன பேசுவது என்று நினைத்தாள். அந்த இளக்காரத்தில் அவர் சொன்னதைச் சரியாகக் காதில் வாங்காமல் விட்டாள்.

புதன்கிழமை காலை, கூடத்துக்குக் கிளம்பும் முன் முந்தின நாள் குறிப்பைப் படித்தாள். ஒரே தப்பை இரண்டு நாள் செய்யாமலிருக்கத் தினமும் படிப்பது. 'ஏழாம் எண் பாட்டிலுக்குப் பயன்படுத்திய பிப்பெட்.' படித்துவிட்டுச் செருப்பை மாட்டியவள், ஒரு காலோடு நின்றாள்.

பிப்பெட்டில் ஒட்டியிருந்தது ஏழாம் பாட்டில் தண்ணீர். எட்டாவதுக்கு எடுத்தது வேறு பிப்பெட். ஏழாம் பாட்டிலில் சல்பைடு இல்லை. இல்லாத ஒன்று வெறுந்தண்ணீரை எப்படி நீலமாக்கும்?

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். குழாய் அழுக்காக இருந்திருக்கும். கரைசல் மாறிப்போயிருக்கும். கூடம் போகும் வழி முழுக்கத் தன் மேல் ஒவ்வொரு குற்றமாகச் சாட்டி, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். டயர் கடைப் படியில் ஏறும்போது சாட்டுவதற்குக் குற்றம் எதுவும் மிச்சமில்லை.

அறிக்கை கொடுத்து முடித்த மாதிரித் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும் என்பது முத்திரையின் விதி. இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும் என்பது வகுப்பின் விதி. அவள் வகுப்புக்காரி. ஆரஞ்சுப் படம் போட்ட பாட்டில் கைகழுவும் தொட்டிக்கு அடியில் இருந்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஒரு மில்லி குழித் தண்ணீரை எடுத்து நூறு மில்லி வெறுந்தண்ணீரில் கலந்தாள். அதிலிருந்து ஏழரை. அமிலம். மூன்று சொட்டு. நான்கு நிமிடம் தேவைப்படவில்லை. குழாய் எழுதுகிற மை மாதிரி ஆகிவிட்டது. பின்னால் கை வைத்தால் விரல் தெரியவில்லை.

ஒன்றை ஆயிரமாகக் கலந்தாள். அப்போதும் நல்ல நீலம். அளவு தெரிந்த சாயச் சொட்டுகள் விட்ட இன்னொரு குழாயோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டாள். லிட்டருக்கு எண்ணூறு மில்லிகிராம். கிணற்றில் பத்தில் ஒன்று தேடுகிறவளின் கையில் எண்ணூறு. மறுபடி கலந்து மறுபடி பார்த்தாள். எண்ணூற்று இருபது.

சல்பைடு அளவுக்கு மீறி இருந்தால் அது நிறத்தையே எழ விடாது. நீர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அவளுக்கு இது புதிதல்ல. போன தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. இரண்டுக்கு இரண்டு வாங்கியிருந்தாள். எழுதியதும் விடைத்தாளோடு அதையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் போல. கூடத்தின் சுவரில் ஒட்டியிருந்த செய்முறையில் அந்த வரி இல்லை. புத்தகத்திலிருந்து நகலெடுக்கும்போது கடைசிப் பக்கம் வெறும் குறிப்புகள்தானே என்று முத்திரை விட்டிருந்தார். அவரைத் திட்ட வாய் வரை வார்த்தை வந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தைப் படித்திருந்தவள் அவள்தானே.

முத்திரை பத்தரைக்கு வந்தார். குடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். இழுப்பறையைத் திறந்து மூடினார். அவள் மூன்று குழாய்களையும் அவர் மேசை மேல் வைத்தாள்.

"என்ன இது, சாயப் பட்டறையா?"

"நேத்து ஏழாம் நம்பர் சார். நேரா போட்டா நிறம் வராது. நூறுல ஒண்ணா கலந்தா இது. ஆயிரத்துல ஒண்ணு இது, மறுபடி பாத்தது இது. எண்ணூறு இருக்கு சார்."

"எண்ணூறு என்ன?"

"மில்லிகிராம். லிட்டருக்கு."

"நேத்து இல்லைன்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார். தப்பு. திருத்தி எழுதித் தரேன், நீங்க சீல் போட்டா இப்பவே கொண்டுபோய்க் குடுத்துடுவேன்."

முத்திரை கொஞ்ச நேரம் குழாய்களைப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. கண் ஒரு முறை சுவரில் ஒட்டிய செய்முறைக்குப் போய்த் திரும்பியது. பிறகு அவர் கை நீட்டினார்.

"உன் நோட்டைக் குடு."

கொடுத்தாள். நேற்றைய பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது மாதிரி உரக்க வாசித்தார். "'வெறுந்தண்ணீர் நீலமாகிவிட்டது. தவறு என்னுடையது.' உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"வெறுந்தண்ணியையே நீலமாக்குற கை. அதே கை இன்னைக்கு வேறெதையோ நீலமாக்கிட்டு வந்து நிக்குது. எதை நம்பச் சொல்றே?"

"சார், அந்தப் பிப்பெட்ல ஒட்டியிருந்தது என்ன? அதே குழித் தண்ணிதானே? அது இல்லாம எப்படி சார் நீலம் வரும்?"

"வகுப்புல கேளு இந்தக் கேள்வியெல்லாம். சம்பளம் குடுக்குற இடத்துல கேக்காதே."

"அங்க நாளைக்கு ஆள் இறங்கப் போறாங்க சார்."

"தண்ணியில என்ன இருக்குன்னு கேட்டாங்க, சொன்னோம். ஆள் இறங்குறது ஏறுறதெல்லாம் அவங்க பாடு. ஒரு சீல் விழுந்தா விழுந்ததுதான். இன்னைக்கு இதைத் திருத்தினா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் போன வருஷத்துப் பேப்பரைத் தூக்கிட்டு வருவான், இது சரியா அது சரியான்னு. கடையைச் சாத்திட்டுப் போகவா?" நோட்டை மேசை மேல் தள்ளினார். "தப்பை எழுதி வைக்கிற பழக்கத்தை விடு. எழுதாதவனை யாரும் பிடிக்க முடியாது. பாட்டிலைக் கொட்டு."

அவள் நோட்டை எடுத்துக்கொண்டாள். பாட்டிலைக் கொட்டவில்லை. அவர் செய்தித்தாளை விரித்தார். தாளுக்குப் பின்னாலிருந்த அந்த வழுக்கைத் தலையைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஒரு ஆள் வேண்டும். அங்கே ஒரு குடையும், ஒரு சாப்பாட்டுப் பெட்டியும், ஒரு ரப்பர் கட்டையும்தான் இருந்தன.

மதியம் தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் பேசினாள். எடுத்தவர், முழுதாகக் கேட்காமலே, அறிக்கை வந்துவிட்டது, நன்றி என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அன்று மாலை வகுப்புக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தாள். படிக்கத் தொடங்கியதிலிருந்து அவள் விட்ட முதல் வகுப்பு.

மேஸ்திரி அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். நாளைக்கான ரப்பர் பூட்ஸைத் துடைத்து, வாசலில் சாய்த்து வைத்திருந்தார்.

"மாமா, நாளைக்கு இறங்காதீங்க. நான் எழுதினது தப்பு."

அக்காவின் தையல் இயந்திரம் நின்றது.

"என்னடி சொல்றே? நேத்து இல்லைன்னே?"

"நிறம் வரலைன்னேன். நிறம் வராததுக்குக் காரணம் சல்பைடு இல்லாதது இல்ல. அளவுக்கு மேல இருந்திருக்கு. அவ்வளவு இருந்தா எங்க முறையில நிறமே எழும்பாது. இன்னைக்குத் தண்ணி கலந்து பாத்தேன். எண்ணூறு இருக்கு."

மேஸ்திரி சிரித்தார். "நல்ல டெஸ்ட். கொஞ்சம் இருந்தா இருக்குன்னு சொல்லும். குழி நெறைய இருந்தா இல்லைன்னு சொல்லும். இதைப் படிக்கத்தான் தினம் சாயங்காலம் பஸ் ஏறிப் போறியா?"

"ஆமா, இதைப் படிக்கத்தான். படிச்சும் கோட்டை விட்டேன். நீங்க சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க, நான் ஒண்ணு கேக்கணும்."

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. சிரிப்பை நிறுத்தினார்.

"குழியில இறங்கினா அஞ்சு நிமிஷத்துல நாத்தம் பழகிடும்னீங்களே. மேல ஏறி வந்து, ஒரு டீ குடிச்சிட்டு மறுபடி குழிகிட்ட போனா உடனே நாறுமா?"

"கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியாது. டீயே மணக்காது. சோப்புப் போட்டாலும் வாசனை வராது."

"பழகின மூக்குக்கு டீ ஏன் மணக்கல? நீங்க டீக்கா பழகினீங்க? சேத்துல இருக்கிற சல்பைடுலேர்ந்து வர்ற வாயு மூக்கையே மரத்துப் போக வெச்சுடுது மாமா. அதிகமானா நாறாது. அதிகமானதாலதான் நாறாது. சேத்தை வெட்டக் கிளறினா இன்னும் வரும். அப்ப உங்களுக்கு ஒரு நாத்தமும் இருக்காது."

மேஸ்திரி துண்டால் காதைத் துடைத்தார். துடைத்த காதையே மறுபடி துடைத்தார்.

"சின்னக் குழியில ஒருத்தன் விழுந்தான்" என்றார் கடைசியில். "நாலு வருஷம் இருக்கும். உள்ள நின்னுக்கிட்டு மேல பாத்துச் சொல்றான், அண்ணே இன்னைக்கு நாத்தமே இல்லைண்ணே, ஜோரா இருக்குன்னு. சொல்லி வாய் மூடல. உக்காந்துட்டான். கயிறு கட்டித் தூக்கினோம். குடிச்சிட்டு வந்திருக்கான்னு மானேஜர் எழுதினான். நானும் தலையாட்டினேன்."

அக்கா கையிலிருந்த கையுறையைக் கீழே வைத்தாள்.

"ஆக, உங்க டெஸ்டும் எங்க மூக்கு மாதிரியேதான். அதிகமானா மரத்துடும்" என்றார் அவர். அவர் குரலில் இருந்த ஏளனம் போகவில்லை. ஆனால் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

தொலைபேசியை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தார். மானேஜரின் குரல் ஏதோ மென்றுகொண்டே வந்தது.

"சார், மோட்டார் இல்லாம நாளைக்கு இறங்க முடியாது. அந்தப் பேப்பர் தப்பாம்."

"யாரு சொன்னா?"

"எழுதின பொண்ணே சொல்லுது."

"எழுதின பொண்ணு உன் மச்சினிச்சிதானே. வீட்டுக்குள்ளயே லேப் நடத்துறீங்களா? இங்க பாருய்யா, சீல் வெச்ச பேப்பர் என் மேசையில இருக்கு. உனக்குக் கால் நடுங்குதுன்னா நடுங்குதுன்னு சொல்லு. மேஸ்திரிக்கெல்லாம் வயசாகும், புரிஞ்சுக்குறேன்."

"நடுங்குது சார்" என்றார் மேஸ்திரி. "நானும் வரல, என் ஆளுங்களும் வரல."

"வராதே. பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க ரெண்டு மாசமா வேலை கேட்டுட்டு நிக்குறாங்க. காலையில ஏழு மணிக்கு இறங்குவாங்க." தொடர்பு நின்றது.

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் நகரும் சத்தத்திலேயே அவள் நிம்மதி தெரிந்தது. ரொட்டியும் பருப்பும் வந்தன. மேஸ்திரியின் தட்டில் கேட்காமலே ஒன்று கூடுதலாக விழுந்தது. வேலை போகாது என்றார் அவர். அடுத்த குழிக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும், வேறு யாருக்குத் தெரியும் என்றார். அக்கா ஆமோதித்தாள்.

"அவங்ககிட்ட யாரு சொல்லுவா?" என்றாள் சொட்டு.

"எவங்ககிட்ட?"

"பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க."

மேஸ்திரி ரொட்டியைப் பிய்த்தார். "அவனுங்க ஆளுங்களா? மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாதவனுங்க. நாங்க எப்ப ஒரு வேலைக்கு மாட்டேன்னு சொல்லுவோம்னு பாத்துட்டே நிக்கிற கூட்டம். நாளைக்கு அனுபவிக்கட்டும்."

"அதான் நம்ம வீட்டு ஆளு போகலைல்ல" என்றாள் அக்கா மெதுவாக. "நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டே. இனி நமக்கென்ன. சாப்பிடு."

அக்காவின் முகத்தில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. பருப்பை ஊற்றுகிற அந்தக் கையையும், பூட்ஸை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லும் அந்தக் குரலையும் ஒரு நொடி அவள் அடியோடு வெறுத்தாள். அந்த நொடி முடிந்ததும், எப்போதும் போல, கணக்கு அவள் பக்கம் திரும்பியது. நேற்று ராத்திரி மாமா தாளைப் பற்றிச் சொல்லாமலிருந்திருந்தால், காலையில் அந்தக் குறிப்பைப் படித்தபோது செருப்பு மாட்டிய காலோடு நின்றிருப்பாளா? ஏழாம் பாட்டிலைத் தொட்டிக்கடியிலிருந்து எடுத்திருப்பாளா? யோசித்துப் பார்த்தாள். எடுத்திருப்பேன் என்று நேர்மையாகச் சொல்ல முடியவில்லை. எழுதும்போது யார் இறங்குவார்கள் என்று அவள் கேட்கவே இல்லையே. முத்திரை சொன்னதும், அக்கா சொன்னதும், செவ்வாய் மத்தியானம் அவள் செய்ததும் ஒரே பாத்திரத்துச் சோறு.

"காலையில நான் போய்ச் சொல்லுறேன்" என்றாள்.

"போ. சீல் வெச்ச பேப்பரை அவனுங்க நம்புவானுங்களா, உன்னை நம்புவானுங்களா? எங்க பொழைப்பைக் கெடுக்க மேஸ்திரி அனுப்பின ஆளுன்னு அடிச்சுத் துரத்துவானுங்க."

"துரத்தட்டும்."

"சார்கிட்ட வேலை போயிடும்டி" என்றாள் அக்கா.

"போகும்னுதான் நினைக்கிறேன்."

வெளியே தூறல் நின்றிருந்தது. காற்று இன்னும் வரவில்லை. மேஸ்திரி சாப்பிட்டு முடித்து, தட்டை நகர்த்தி, கையைத் துடைத்தார். எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தாள். போகவில்லை.

"முன்வாசல்ல நின்னா வாட்ச்மேன் விடமாட்டான்" என்றார், அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. "பின்னாடி உப்புக் கிடங்குப் பக்கம் ஒரு இரும்புக் கதவு இருக்கு. அவனுங்க அந்த வழியாத்தான் வருவானுங்க, ஆறரைக்கு. உயரமா, கன்னத்துல தழும்போட ஒருத்தன் வருவான், அவன்தான் அவங்க மேஸ்திரி. அவனுக்கு வலது காது கேக்காது. கேக்காதுன்னு ஒத்துக்கவும் மாட்டான், தலையைத் தலையை ஆட்டுவான். இடது பக்கமா நின்னு பேசு."

அவள் நோட்டை எடுத்து, பலகையின் ஓரத்தில் வைத்து எழுதினாள்.

நவம்பர் 13, புதன். செவ்வாய் எழுதிய ஏழாம் எண் முடிவு தவறு. பிப்பெட்டைச் சரியாக அலசாதது சிறு தவறு. நீர்க்காமல் பார்த்ததும், நாற்றம் தெரிந்தும் இல்லை என்று எழுதியதும் பெரிய தவறு. சரியான அளவு 800 முதல் 820. வகுப்புக்குப் போகவில்லை.

நாளை: ஆறேகாலுக்கு உப்புக் கிடங்குப் பக்கத்து இரும்புக் கதவு. கன்னத்தில் தழும்புள்ளவரின் இடது பக்கம் நின்று, அந்தத் தாளை எழுதியது நான், அது தப்பு, காற்றடிக்காமல் இறங்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். அவர் தலையாட்டினால் போதாது. என்ன சொன்னேன் என்று திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.